ஒன்பதரைக்குப் படுத்துக்கொண்ட இன்டர்நெட்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், பாயசம் வருவதற்கு முன்னால் தன் போனை என் இலைக்கும் டம்ளருக்கும் நடுவில் நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க இன்டர்நெட் ஆபீஸ்ல இருந்தவருதான? எங்க வீட்ல வேகம் முப்பத்தெட்டு காட்டுது. இது நல்லதா கெட்டதா?"

எனக்கு ஒரு கையில் அப்பளம். அவர் கேட்ட தோரணை ரத்தத்தில் சர்க்கரை அளவைக் கேட்பது போலவே இருந்தது. "சாப்பாட்டுக்கு முன்னால பாத்ததா, பின்னால பாத்ததா?" என்றேன். அவர் உண்மையிலேயே யோசித்தார்.

இதை எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் போட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் சர்வீசில் ஆகக் கஷ்டமான புகார் எது, எழுதுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. எழுதுகிறேன். அந்தக் கதையில் முட்டாள் யார் என்றால் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது போன் கம்பியாளாக. செம்புக் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கம்பம் ஏறினேன். கம்பம் ஏறினது போதும், மோடம் படித்துவிட்டு வா என்று ஒரு நாள் சென்னைக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பதினைந்து நாளில் எனக்கு நன்றாகப் பிடிபட்டது, கேன்டீன் சாம்பாரில் தண்ணீர் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்பதுதான். மற்றதையெல்லாம் ஊருக்கு வந்து வீடு வீடாக ஏறித்தான் படித்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் கண்ணாடி இழைக் கேபிள். புது இணைப்புக் கொடுக்க வேண்டும், வேகம் வரவில்லை என்று கூப்பிட்டால் போய்ப் பார்க்க வேண்டும்.

வேகம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் வேகம் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கும். வந்த வேகத்தை இவர்கள் எங்கேயாவது அடைத்து வைத்திருப்பார்கள். ஏரலில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி ரவுட்டர் பெட்டியை இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார்.

"வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவாம்லா."

"இரும்புக்குள்ள இருந்து சிக்னல் எப்படி அண்ணாச்சி வெளிய வரும்?"

"அதான் சாவி ஓட்டை இருக்குல்லா," என்றார்.

பத்தமடையில் ஒரு அம்மா ரவுட்டரில் தூசி படக்கூடாது என்று அதன் அளவுக்கே ஒரு சின்னக் கோரைப்பாய் நெய்து சுற்றியிருந்தார். பாய் பட்டு மாதிரி இருந்தது. உள்ளே பெட்டி அப்பளம் பொரிக்கிற சூட்டில் கொதித்தது. பாயைக் கழற்றினேன், பெட்டிக்கு மூச்சு வந்தது. அந்தப் பாயை எனக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் அதில்தான் படுத்திருக்கிறது.

இன்னொரு வகை கணக்குப் புலிகள். "நூறுன்னு சொல்லிக் குடுத்துட்டு, படம் இறக்குனா பன்னெண்டுதான் காட்டுது. மிச்சம் எம்பத்தெட்டு எங்கவே?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார்கள். இணைப்பின் வேகத்தைச் சொல்வது பிட் கணக்கில். இறங்குகிற படத்தைச் சொல்வது பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் தொண்ணூற்றாறு, கிட்டத்தட்ட நூறுதான் என்று விரலை மடக்கிக் காட்டுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எட்டுல ஒரு பங்குதான் தாரீங்க, என்ன?" என்பார்கள். மறுபடியும் முதல் விரலிலிருந்து மடக்குவேன்.

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது எனக்கு மேலதிகாரியாக ஜெசிந்தா மேடம் வந்தார். கூடங்குளத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர், அப்பா படகுக்காரர். வயது என் மூத்த மகளைவிட இரண்டு குறைவு. வந்த அன்றைக்கே எனக்கு எரிச்சல். ஏனென்றால் அந்தப் பெண் யாரையும் திட்டமாட்டார். கேள்விதான் கேட்பார், அதையும் பைய. திட்டு வாங்கினால் டீ குடிப்பதற்குள் மறந்துவிடலாம். அவர் கேள்வி வீடு வரைக்கும் வண்டியில் பின்னாலேயே உட்கார்ந்து வரும்.

புகார் வந்த வீட்டுக்குப் போனதும் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதையும் குடிப்பார். பிறகு ரவுட்டருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிடம் அதைச் சும்மா பார்ப்பார். தொடமாட்டார். வீட்டுக்காரர்கள் குறி சொல்ல வந்தவர் என்று நினைத்து அவரவர் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கே வைத்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் வேலை. காற்றில் வருகிற வைஃபையை நம்பாமல், ரவுட்டரிலிருந்து தன் லேப்டாப்புக்கு நேராக ஒயர் போடுவார். லேப்டாப்பில் திறந்து கிடக்கிற மற்ற எல்லாவற்றையும் மூடுவார். வீட்டில் அந்நேரம் யார் யார் நெட்டில் இருக்கிறார்கள் என்று ஒருத்தர் விடாமல் கேட்பார். மூன்று தடவை சோதிப்பார். மூன்றில் பெரிய எண்ணையும் விட்டு, சின்ன எண்ணையும் விட்டு, நடுவில் இருப்பதை நோட்டில் எழுதுவார். பக்கத்தில் மணி எழுதுவார். நானோ என் காலம் முழுக்கப் போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, பெரிதாக ஒரு எண் வந்ததும் "பாத்தீங்களா?" என்று காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினவன்.

"என்ன மேடம், வேகம் பாக்கச் சொன்னா விரதம் இருக்கீங்க," என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"நீங்க பாத்தது உங்க போன்ல வந்து சேந்த வேகம் அண்ணாச்சி. வீட்டுக்கு வருத வேகம் எவ்வளவு?" என்றார். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அதிலும் யார் யார் நெட்டில் இருக்கிறார்கள் என்ற அந்த விசாரணையை, வேலையில்லாதவர் கேட்கிற கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தப் புகாருக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய பழைய வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த சைவக் குடும்பம், இப்போது ஆளுக்கு ஒரு உத்தியோகம். மூத்தவர் சிதம்பரநாதன் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார். அவருடைய தம்பிகள் இருவரும் குடும்பத்தோடு அதே வீட்டில்தான். சாரின் மனைவி கோமதி அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். ஒரே மகள் உமாவுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டாள். வேறு யார் கையைப் பிடித்தாலும் அந்த அம்மா எழுந்து நிற்க மாட்டார், பயம். உமா பிடித்தால் மட்டும் நாலு எட்டு நடப்பார்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் காலை ஒன்பதரைக்கு, அவர்களுடைய சோதனைப் பக்கத்தில் வேகம் பார்த்து ஒன்பதே முக்காலுக்குள் அனுப்ப வேண்டும். குறைந்தது ஐம்பது வர வேண்டும். நான்கு நாள் தவறினால் அடுத்த திங்கட்கிழமை பெங்களூரில் வந்து உட்கார வேண்டும்.

முதல் நாள், திங்கட்கிழமை, பதினான்குதான் வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். உமாவின் அறை மாடியில், ரவுட்டர் கீழே கூடத்தில். நடுவில் இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர். அதைத் தாண்டி வைஃபை இல்லை, சாப்பிடக் கூப்பிடுகிற சத்தமே போகாது. கீழேயிருந்து மேலே ஒயர் இழுத்து லேப்டாப்பில் சொருகினேன். தொண்ணூற்றைந்து. வீடே கூடி நின்று பார்த்தது. யாரோ மோர் கொண்டுவந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் வீட்டிலிருந்த பதினொரு போனையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் வேகம் பார்க்கிற செயலியை ஏற்றி, எப்படி அமுக்குவது என்று பாடம் எடுத்தேன்.

"நாளைக்கு உமா பாக்குத நேரத்துக்கு நீங்களும் பாருங்க சார். எந்த ரூம்ல எவ்வளவு வருதுன்னு எழுதி வச்சா எனக்கு வசதி," என்றேன்.

"எழுதி வைக்கோம்வே," என்றார் சார்.

செவ்வாய்க்கிழமை எட்டு வந்தது. எண்பது இல்லை, எட்டு. உமா போனில் சொன்னபோது நான் ஆபீசில் நின்றேன். ஒன்பதரைக்கு நாங்கள் எல்லாரும் ஆபீசில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அடித்துப் பிடித்துப் பத்தரைக்குப் போய்ப் பார்த்தால் தொண்ணூற்றைந்து, குத்துக்கல்லாக நிற்கிறது. கேபிளை அணில் கடித்திருக்கும் என்று சந்தேகப்பட்டேன். கம்பம் ஏறி, கேபிளைப் புதிதாக இணைத்தேன். ரவுட்டரை மாற்றினேன். போதாக்குறைக்கு, ஒன்பதரைக்குக் கிரைண்டர், மோட்டார், ஃபிரிட்ஜ், ஃபேன் எதுவும் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

புதன்கிழமை ஃபேன்கூட ஓடாமல் வீடே வேர்த்து வழிந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடியும் எட்டு. மூன்று நாள் தவறியாயிற்று. நான் போனபோது வழக்கம் போலத் தொண்ணூற்றைந்து காட்டியது. அந்தப் பெட்டியைத் தூக்கித் தாமிரபரணியில் போட்டுவிடலாமா என்றிருந்தது. உமாவின் சித்தி ஒருவர், "பாதியில நிறுத்துன மாவுல இட்லி ஊத்துனேன். ஒங்க இன்டர்நெட்டு மாரியே வந்திருக்கு, சாப்பிடுங்க," என்று நாலு இட்லி வைத்தார். கல்லு.

புறப்படும்போது கோமதி அம்மாள் கட்டிலில் இருந்து கூப்பிட்டார். "ஏ ஐயா, அவ இருந்தாத்தான் எனக்குக் கால ஊன தைரியம் வருது. ரெண்டு மாசம் போதும், அதுக்குள்ள நான் நடந்துருவேன். பாத்துச் செய்யுங்க." நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு வருட சர்வீசில் ஒரு எண்ணைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

வேறு வழியில்லாமல் ஜெசிந்தா மேடத்திடம் போய் நின்றேன். அணில் முதல் இட்லி வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஒம்பதரைக்கு அந்த வீட்ல என்ன நடக்குன்னு பாத்தீங்களா அண்ணாச்சி?"

"இல்ல மேடம். அந்நேரம் இங்கன கையெழுத்துப் போடணும்லா."

"நாளைக்குக் கையெழுத்த நான் பாத்துக்கிடுதேன். ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் அங்கன இருப்போம்."

வியாழக்கிழமை போனோம். அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உமா லேப்டாப்பையே கூடத்துக்குக் கொண்டுவந்து ஒயரைச் சொருகிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. மணி ஒன்பது இருபத்தெட்டு ஆனதும் வீட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். வந்து அவரவர் அறைவாசலில் நின்றார்கள். கடைசியாகச் சிதம்பரநாதன் சார் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் வருகைப் பதிவேடு மாதிரி நீள நோட்டு, மறு கையில் பித்தளைக் கைமணி.

"நாலாம் நம்பர் எங்க?" என்றார். அவர் வீட்டில் எல்லாருக்கும் நம்பர் கொடுத்திருந்தார்.

"குளிக்காங்க பெரியப்பா."

"போனைக் கதவுக்கு வெளிய வாங்கி நீ அமுக்கு. ரெண்டு கையும் இருக்குல்லா."

மேடம் எழுந்தார். "சார், அது என்ன மணி?"

"பள்ளிக்கூடத்து மணி. ஓய்வு பெறும்போது குடுத்தாங்க. எல்லாரும் ஒரே நொடியில அமுக்கணும்லா, முன்னப் பின்ன ஆனா ஒப்பிட முடியாது," என்றார் சார், பெருமையாக.

"நேத்து வந்ததெல்லாம் எழுதியிருக்கீங்களா?"

நோட்டைக் காட்டினார். கோடு போட்ட கட்டங்கள், முத்து முத்தான எண்கள். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது என்று பதினொரு எண்.

"கூட்டிப் பாத்தீங்களா சார்?"

"கூட்டணுமா?" என்றவர், பழக்கத்தில் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினார். "எம்பத்தாறு."

"உமாவுக்கு எவ்வளவு?"

"எட்டு." அத்தோடு அவர் குரல் இறங்கியது. "தொண்ணூத்திநாலு." தானாகவே முந்தின நாள் பக்கத்தைத் திருப்பினார். உதடு அசைந்தது. "தொண்ணூத்தஞ்சு," என்றார். நோட்டை மூடிவிட்டார்.

கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேகம் பார்ப்பது என்றால் வீட்டுக்கு வருகிற அவ்வளவையும் ஒரு போன் இழுத்துப் பார்ப்பது. ஒருத்தர் இழுத்தால் தொண்ணூற்றைந்து. மணி அடித்துப் பன்னிரண்டு பேர் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்கு எட்டு. உமா தேறிவிட்டாளா என்று பார்க்கும் ஆசையிலேயே வீடு முழுக்கச் சேர்ந்து அவளை இரண்டு நாள் தோற்கடித்திருந்தது. பத்தரைக்கு நான் ஒருத்தன் போய் அமுக்கினால் அது ஏன் ஒழுங்காகக் காட்டாது?

"யாரு சொல்லி இப்படிச் செய்யுதீங்க சார்?" என்று மேடம் கேட்டார். சார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் வீட்டில் மற்ற எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் மேடம் சொன்னேன்," என்றேன்.

"அப்படியா அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அந்த மணியால் என் மண்டையில் இரண்டு போட்டிருக்கலாம்.

மணி ஒன்பது முப்பத்தாறு. சித்தி அடுக்களையிலிருந்து ஒரு சொளகை எடுத்து வந்தார், அரிசி புடைக்கிற அந்த முறம். ஒவ்வொரு போனாக அணைத்து அதில் வாங்கினோம். நாலாம் நம்பர் தலையில் துண்டோடு ஓடி வந்து போட்டார். எண்ணினேன். பத்துதான் இருந்தது. மறுபடி எண்ணினேன், பத்துதான். சாரையும் காணவில்லை.

"பின்னால பாருங்க," என்றார் மேடம்.

பின்கட்டில், துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் சார் சுவரைப் பார்த்து நின்றார். கையில் போன். செயலி திறந்திருந்தது. விரல் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது, அமுக்கவில்லை.

"சார், போனைக் குடுங்க. நேரமாச்சு."

"நான் ஒருத்தன் மட்டும் பாத்தா என்ன ஆகும்வே?" என்றார், திரும்பாமல். "ரெண்டாப் பிரியும். ஆளுக்கு நாப்பத்தேழு. அவளுக்கு அம்பது வேணும். அதான் அமுக்காம நிக்கேன்."

"அப்புறம் எதுக்கு சார் வச்சிருக்கீங்க?"

"எல்லாருக்கும் நம்பர் குடுத்து மணி அடிச்சதெல்லாம் சும்மாவே. அவளுக்கு முன்னால எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். கெட்டதா வந்தா நான் மொகத்தச் சரி பண்ணிக்கிட்டு உள்ள போவேன். அவ மொகம் வாடித்தான் எனக்குத் தெரியணும்னா, அத என்னால பாக்க முடியாது."

கையை மட்டும் நீட்டினேன். அவர் போனை அணைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப நான் எங்கன நிக்க?"

"உமாகிட்ட நில்லுங்க சார்."

உள்ளே போனோம். சார் மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு உமா பொத்தானை அமுக்கினாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். சார் பார்க்கவில்லை, அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் திரையைப் பார்க்கவில்லை. உமாவின் கண் விரிந்தது, பிறகு உதடு கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அனுப்புகிற பொத்தானைத் தட்டினாள்.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? ஒருத்தராவது சொல்லுங்களேன்," என்று உள்ளறையிலிருந்து கோமதி அம்மாள் கத்தினார்.

சார் அப்போதுதான் திரையைப் பார்த்துவிட்டு உள்ளறை வாசலுக்குப் போனார்.

"பாஸ்," என்றார்.